ஆப்பிரிக்காவில் ஏஐ-க்காகத் தரவு திரட்டுவதில் என்ன தப்பு? மக்கள் சம்மதித்துத்தானே கொடுக்கிறார்கள்?

சம்மதித்தது உண்மைதான். எந்த நிலைமையில் சம்மதித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டாமா? கென்யாவில் நடந்ததைச் சொல்கிறேன்.

2023 ஜூலை கடைசியில் நைரோபியின் கென்யாட்டா சர்வதேச மாநாட்டு மையத்தில் ஆயிரக்கணக்கானோர் வரிசை கட்டி நின்றார்கள். 'வேர்ல்டுகாயின்' ஆட்கள் பந்து மாதிரி ஒரு வெள்ளிநிறக் கருவியை முகத்துக்கு நேரே வைத்துக் கருவிழியைப் பதிவு செய்தார்கள். பதிலுக்கு 25 டோக்கன் (அந்தத் திட்டத்தின் கிரிப்டோ நாணயம்), அன்றைய மதிப்பில் சுமார் 7,000 கென்ய ஷில்லிங். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ-யின் சாம் ஆல்ட்மன் சேர்ந்து தொடங்கிய திட்டம் இது. ஏஐ பெருகிவிட்டால் இணையத்தில் எதிரே இருப்பது மனிதன்தானா என்று உறுதிசெய்ய இது தேவை என்றார்கள்.

தேவை இருக்கலாம். ஆனால் வேலையில்லாத ஒரு இளைஞன் கையில் 7,000 ஷில்லிங் வரப்போகிறது என்னும்போது, "என் கருவிழிப் பதிவு எங்கே போகும், யார் வைத்திருப்பார்கள், நாளைக்கு வேண்டாம் என்றால் அழிப்பீர்களா?" என்று நின்று கேட்பானா? கேட்க விடாமல் செய்வதே அந்தக் காசுதான். அதைச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கென்யாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 2019-லேயே தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, அதற்கென்று ஆணையரும் இருக்கிறார். அவர் அலுவலகம் 2023 மே மாதமே கருவிழிப் பதிவை நிறுத்தச் சொல்லியும் ஜூலையில் கூட்டம் சேர்ந்தது. ஆகஸ்ட் 2-ஆம் தேதிதான் அரசு தடை போட்டது. அப்புறம் கட்டிபா இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு வழக்குப் போட, 2025 மே 5-ஆம் தேதி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: முறையான தாக்க மதிப்பீடு (தரவு திரட்டுவதால் மக்களுக்கு என்ன பாதிப்பு வரலாம் என்று முன்கூட்டியே ஆராய்வது) செய்யவில்லை, டோக்கனைக் காட்டி வாங்கிய சம்மதம் செல்லாது, ஆணையரின் மேற்பார்வையில் 7 நாளில் பதிவுகளை அழிக்க வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனம் என்பதால் இவ்வளவு கண்டிப்பு என்று நினைக்க வேண்டாம். 2021 அக்டோபரில் கென்ய அரசின் சொந்த 'ஹுடுமா' அடையாள அட்டையும் இதே தாக்க மதிப்பீடு இல்லாததால்தான் அதே உயர் நீதிமன்றத்தில் அடிபட்டது. இந்த விஷயத்தில் கென்ய நீதிமன்றங்கள் மீது எனக்கு நிஜமான மரியாதை உண்டு.

ஆனாலும் கருவிழியைப் பதிந்த நாளுக்கும் அழிக்கச் சொன்ன நாளுக்கும் நடுவே கிட்டத்தட்ட 2 ஆண்டு போய்விட்டது. வரிசை சேரும் முன்பே கருவியை அணைத்து வைக்கும் அளவுக்கு ஆணையர் அலுவலகத்துக்கு ஆள்பலமும் அதிகாரமும் வேண்டும்.