பாலர் கல்வி ஆய்வுகளை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

தண்டையார்பேட்டையில் பிள்ளையை பால்வாடிக்கு அனுப்பும் தாய் நீங்கள். பாலர் கல்வி பற்றி ஆராய்ச்சி என்ன சொல்கிறது, எதை முதலில் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் ஊரிலிருந்தே தொடங்குங்கள். கார்த்திக் முரளிதரனும் சக ஆய்வாளர்களும் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதியில் மட்டும் அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஓர் ஆளைப் போட்டுப் பார்த்தார்கள். பாடம் நடக்கும் நேரம் இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஏன் என்று தெரிய காலை பத்து மணிக்கு உங்கள் பால்வாடி வாசலில் நின்றாலே போதும்: அதே டீச்சர்தான் எடை பார்க்கணும், பதிவேடு எழுதணும், நடுவில் ஒரு வாண்டுக்கு மூக்கும் துடைக்கணும்.

அப்புறம் அமெரிக்காவின் பெர்ரி ஆய்வு. 1962-இல் தொடங்கியது, மொத்தமே 123 பிள்ளைகள்; அவர்களில் ஒரு பகுதியினரை மட்டும் பாலர் பள்ளிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். போன பிள்ளைகளுக்குக் கிடைத்த ஐக்யூ (அறிவுத்திறன் அளவு) ஏற்றம் சில ஆண்டுகளில் கரைந்துபோனது. ஆனால் 40 வயதில், பாலர் பள்ளிக்குப் போனவர்களின் வருமானம் மற்றவர்களைவிடக் கூடுதல். (எனக்குப் பிடித்த ஆய்வு இதுதான்.)

எதைப் படித்தாலும் பிள்ளைகளைக் குலுக்கலில் பிரித்தார்களா என்று பாருங்கள். இல்லையென்றால், தேறியது பள்ளியாலா வீட்டு வசதியாலா என்று சொல்வது கஷ்டம்.