சாகசமும் எஃப்.ஆர்.சி.யும் – கடிதம்

ஐயா,

பர்மாவில் மோல்மீனிலிருந்து எழுதுகிறேன். கென்போ 125 மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன், அதனால் வீட்டில் தினமும் சண்டை. சமீபத்தில் எல்ஸ்பெத் பியர்ட் பற்றிப் படித்தேன். 1982இல், 23 வயதில், மோட்டார் சைக்கிளில் தனியாக உலகத்தைச் சுற்றிய முதல் பெண். நம் தமிழ்ப் பெண்களுக்கு ஏன் அந்தத் துணிச்சல் இல்லை? 1942இல் நம் பாட்டிமார் இந்தியாவுக்கு நடந்தே போனார்களே, அந்தச் சாகச ரத்தம் எங்கே போயிற்று? தமு வரை ஓட்டிப் போய், எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தியாவின் மோரேயில் இருக்கும் நம் ஆட்களைப் பார்க்க ஆசை. போகலாமா? நீண்ட தூரத்துக்கு எந்த வண்டி நல்லது?

ம., மோல்மீன்

அன்புள்ள ம.,

உன் அப்பாவை எனக்குத் தெரியும், ஆகவே ‘நீ’ என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

வீட்டுச் சண்டையில் நான் தலையிட மாட்டேன். ‘முதல் பெண்’ என்பதையும் விட்டுவிடு. பியர்டுக்கு முன்பே, 1973இல், ஆன்-ஃப்ரான்ஸ் டோத்வில் என்ற பிரெஞ்சுக்காரப் பெண் 125 சிசி கவாசாகியில் தனியாகக் கிளம்பிவிட்டார். அதற்கு முந்தைய வருஷம் ஒரு கூட்டத்தோடு பாரிசிலிருந்து இஸ்பஹான் வரை ஓட்டியவர். வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டுதான் போனார் என்று ஊர் வம்பு பேசியது. அந்த ஆத்திரத்திலும்தான் அடுத்த முறை துணைக்கு ஆளே இல்லாமல் போனார். பியர்டை ஆங்கிலேயப் பெண்களில் முதலாமவர் என்று சொன்னால் போதும்.

சரி, இவர்கள் போன வழியை வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தாயா? டோத்வில் கனடா, அலாஸ்கா, ஜப்பான் என்று போய், அடுத்து இந்தியாவில் இறங்குகிறார். பியர்ட் அமெரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா தாண்டித் தாய்லாந்து வரை வந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் மேற்கே வந்தால் நீ இருக்கும் ஊர். வரவில்லை. திரும்பிப் பினாங்குக்குப் போய், வண்டியைக் கப்பலேற்றி மதராசில் இறங்கினார். தரைவழியாக வெளிநாட்டாரை உள்ளே விடாத காலம் அது. ரங்கூனுக்கு விமானத்தில் வரலாம், ஏழு நாள் விசா. உலகத்தைச் சுற்றியவர்கள் எல்லாரும் நம்மைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இதை நான் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் துணிச்சல், துணிச்சல் என்று உன் கடிதம் வந்தது. எரிச்சலாகவும் இருந்தது, பதில் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

பியர்ட் துணிச்சல்காரிதான், யார் இல்லை என்றது? 1974 மாடல் பி.எம்.டபிள்யூ, 600 சிசி. சிட்னியில் மாதக்கணக்கில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, சாமான் வைக்கும் அலுமினியப் பெட்டிகளைத் தன் கையாலேயே செய்துகொண்டவர். ஆஸ்திரேலியாவில் விழுந்தார், தாய்லாந்தில் விழுந்தார். ஆனால் நீ தாண்டிப் போய்விட்ட ஓர் இடம் இருக்கிறது. சிங்கப்பூரில் அவருடைய பாஸ்போர்ட், விசாக்கள், வண்டித் தாள்கள் எல்லாம் களவு போயின. எல்லாவற்றையும் திரும்ப வாங்க ஆறு வாரம் ஆயிற்று. பாவம், ஆறு வாரம் என்றுதான் நீயும் படித்திருப்பாய். எனக்கு அந்த வரியைத் தாண்டவே முடியவில்லை. ஆறே வாரம்!

என் அத்தையைப் பற்றிச் சொல்கிறேன். தட்டோனில் பால் வியாபாரம். சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு, தமேனை (பர்மியப் பெண்கள் கட்டும் லுங்கி) முழங்கால் வரை ஏற்றிச் செருகிக்கொண்டு, இருட்டோடு கிளம்பிவிடுவாள். நாய், பாம்பு, குடிகாரன் எதற்கும் பயந்தவள் இல்லை. இந்த மண்ணிலேயே பிறந்தவள். ஆனால் கையில் இருந்தது எஃப்.ஆர்.சி., வெளிநாட்டார் பதிவு அட்டை. ஒட்டிய படம், பெருவிரல் ரேகை, வருஷா வருஷம் புதுப்பித்த முத்திரைகள். அதைப் பிஸ்கட் டின்னில் போட்டு, அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருப்பாள். அந்த அட்டைக்காரர்கள் ஊரைத் தாண்ட அனுமதித் தாள் வாங்க வேண்டும்.

ரங்கூன் பக்கத்தில் இருக்கும் பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்கு ஒரு வேண்டுதல். அத்தைக்குப் பர்மியப் பேச்சு தண்ணீர் பட்ட பாடு, எழுத்துதான் வராது. விண்ணப்பம் எழுத என்னைக் கூட்டிப் போனாள், நான் பள்ளிக்கூடப் பையன். அலுவலகத்தில் இருந்தவர் தலை நிமிராமல் கேட்ட முதல் கேள்வி, “யார் செத்தது?” சாவு, கல்யாணம், சீக்கு, இந்த மூன்றுக்குத்தான் தாள் கிடைக்கும். சாமி கும்பிட என்றாள் அத்தை. அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர், நான் எழுதியதை ஓரமாக வைத்துவிட்டு, ‘ரங்கூனில் உறவினருக்கு உடல்நலமில்லை’ என்று தானே எழுதி முத்திரை குத்தினார்.

சித்தவுங் பாலத்துக்கு முன்னால் ரயில் நின்றது. தாள் பார்த்துக்கொண்டே வந்தவன் அத்தையிடம், யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டான். அத்தைக்குப் பொய் வராது. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “முனீஸ்வரனுக்கு” என்றாள். அவன் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிக் கூட்டி நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனான். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பெகு வரைக்கும் சிரித்தாள்.

இதில் துணிச்சல் எங்கே குறைகிறது, சொல்.

பின்னால் ஒரு வருஷம் பக்கத்து வீட்டு ஓலைக் கூரையில் பற்றிய தீ அத்தை வீட்டையும் கொண்டுபோயிற்று. டின்னும் போயிற்று. பழைய அட்டையின் எண்ணைச் சொல் என்றார்கள், அவளுக்குத் தெரியவில்லை. எண் இல்லாமல் புதிய அட்டை இல்லை. அவள் ஒருபோதும் பதியப்பட்டவள்தானா என்பதற்கே சாட்சி கேட்டார்கள். பியர்டுக்கு ஆறு வாரத்தில் கிடைத்தது அத்தைக்குச் சாகும் வரை கிடைக்கவில்லை. அதன் பிறகு கடைசி வரை தட்டோனைத் தாண்டவும் இல்லை.

இன்னொன்றும் கேள். 1984இல் பஞ்சாப் வெளிநாட்டாருக்கு மூடிக் கிடந்தபோது, பியர்ட் அனுமதித் தாளில் தானே கைவைத்துத் திருத்திக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். படிப்பவர்கள் கைதட்டுகிறார்கள், நானும் தட்டினேன். அதையே அத்தை செய்திருந்தால் ஜெயில். அவர் லண்டனில் கிளம்பிய அந்த 1982இல்தான் இங்கே புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. முழுக் குடிமக்கள், இணைக் குடிமக்கள், குடியுரிமை தரப்பட்டவர்கள் என்று ஆளைப் பிரித்தார்கள். தாள் இருக்கிறவர் தாளோடு விளையாடலாம். இல்லாதவர் அதை அரிசிப் பானைக்குள் வைத்துக் காவல் காக்கத்தான் வேண்டும். இதைப் பார்க்காமல் நம் பெண்களுக்குத் துணிச்சல் இல்லை என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

1942ஐயும் இதில் இழுத்திருக்கிறாய். தயவுசெய்து அதைச் சாகசம் என்று எங்கும் எழுதாதே. ஜப்பான்காரன் குண்டு விழுந்தது, கிளம்பினார்கள். தமு வழியாக இம்பாலுக்கும், தௌங்குப் கணவாய் வழியாக அரக்கானுக்கும் லட்சக்கணக்கானோர் நடந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே விட்டுவிட்டு வந்த குழந்தைகளைப் பற்றிப் பேசாமலே செத்துப்போன கிழவிகளை எனக்குத் தெரியும். போக ஆசைப்பட்டா போனார்கள்?

மோரே ஆட்களின் கதை இதற்கு நேர் எதிர்த் திசை. 1960களில் கடைகளும் தொழிலும் தேசியமயமானபோது மதராசுக்குக் கப்பலேறியவர்கள் அவர்கள். அகதி முகாம் வாழ்க்கை ஒட்டவில்லை. இம்பால் வழியாகத் தமுவுக்கு வந்தார்கள், பிறந்த ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று. இந்தப் பக்கம் விடவில்லை. நின்ற இடத்திலேயே வீடு கட்டி, அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலும் கட்டிக்கொண்டார்கள். 2018 ஆகஸ்டில் தமு–மோரே வழியை முறைப்படி திறந்தார்கள். அந்தக் கொஞ்ச காலத்தில் நீ போயிருந்தால் நானும் பின்னால் உட்கார்ந்து வந்திருப்பேன். 2021க்குப் பிறகு கலே, தமு பக்கம் சண்டை என்று உனக்கே தெரியும். போகாதே. கேட்டாய் அல்லவா, இதுதான் பதில். இதில் வளவளவென்று பேச ஒன்றுமில்லை.

உன் கடிதத்தில் வண்டியின் சிசி இருக்கிறது, நிறம் இருக்கிறது, மைலேஜ்கூட இருக்கிறது (அவற்றை நான் மேலே வெட்டிவிட்டேன்). உன் அடையாள அட்டை என்ன நிறம் என்று இல்லை. ரோசா (முழுக் குடிமக்கள்) என்றால் நல்லது. நீலமோ (இணைக் குடிமக்கள்) பச்சையோ (குடியுரிமை தரப்பட்டவர்கள்) என்றால், அப்பாவிடமும் தாத்தாவிடமும் இருக்கும் எல்லாத் தாள்களையும் எடுத்து நகல் போட்டு இரண்டு வீட்டில் வை. எண்களை ஒரு நோட்டில் எழுதி வை. நோட்டுக்கும் நகல் எடு. கிழவன் புலம்புகிறான் என்று நினைக்காதே, இந்த வாரமே செய். அப்புறம் வண்டி. எண் பலகையில்லாத வித்அவுட் வண்டியாக இருந்தால் முதலில் அதை விற்றுத் தொலை. ஹெல்மெட் வாங்கு, கண்ணாடியில் மாட்டி வைக்கிற அலங்காரத்துக்கு இல்லை.

வயற்காட்டுப் பாதையில் காலை வேளையில் நீ ஓட்டுவதாக எழுதிய அந்த நாலு வரியை இரண்டு தரம் படித்தேன். நன்றாக எழுதுகிறாய், நிறைய எழுது. ரங்கூனுக்கு ஒருமுறை வா. ஆனால் வண்டியைப் பெகுவில் போட்டுவிட்டு பஸ் ஏறு. 2003இலிருந்து இந்த நகரத்துக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. தெருவில் ஒரு பைக்கூட ஓடாத ஊரில் உட்கார்ந்துகொண்டிருப்பவனிடம் போய், நீண்ட தூரத்துக்கு எந்த வண்டி நல்லது என்று கேட்கிறாய். உங்கள் ஊர் மெக்கானிக்கைக் கேள்.