ஒன்றுக்கு இரண்டு கேபிள் போட்டால் நெட்வொர்க் ஏன் படுக்கிறது?

கேள்வி: ஒரு கேபிள் போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்று கணினிகளை இணைக்கும் இரண்டு நெட்வொர்க் ஸ்விட்ச்களுக்கு நடுவே இரண்டாவது கேபிளைச் செருகினேன். ஒரு நிமிடத்துக்குள் அலுவலகம் முழுக்க நெட்வொர்க் போய்விட்டது. மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்புகளை நாமே மாற்றக்கூடியது) வாங்கினால் சரியாகுமா?

பதில்: எண்ணம் சரிதான், ஸ்விட்ச்தான் அதற்கு ஏற்றதில்லை. நீங்கள் வைத்திருப்பது சாதாரண அன்மேனேஜ்டு வகையாக இருக்க வேண்டும். ஸ்விட்ச்கள் கடத்தும் தரவுத் துண்டான ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் கணக்கு கிடையாது, ஐபி பாக்கெட்டில் இருக்கும் டிடிஎல் (எத்தனை தாவலுக்குப் பின் கைவிட வேண்டும் என்ற எண்) இதில் இல்லை, அதனால் ஒரு பிராட்காஸ்ட் (எல்லாக் கருவிக்கும் போகும் செய்தி) அந்த இரண்டு கேபிள் வளையத்தில் சிக்கினால் சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் வருவதும் சேர்ந்து மொத்த வேகத்தையும் விழுங்கிவிடும்.

இதற்காகத்தான் 1985-ல் கணினி விஞ்ஞானி ரேடியா பெர்ல்மன் ஸ்பானிங் ட்ரீயை உருவாக்கினார். ஸ்விட்ச்கள் தங்களுக்குள் பேசி ஒரு பாதையை மூடி வைக்கும். ஓடுகிற பாதை அறுந்தால் மூடியதைத் திறக்கும். பழைய முறையில் இதற்கு 30 முதல் 50 விநாடி ஆகும், அந்த நெட்வொர்க் வழியே போனில் பேசிக்கொண்டிருப்பவர் வைத்துவிட்டே போய்விடுவார். ஆகவே மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்கும்போது ஆர்எஸ்டிபி (ஸ்பானிங் ட்ரீயின் வேகமான வடிவம்) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அது பெரும்பாலும் ஓரிரு விநாடிக்குள் மாறிவிடும்.

இரண்டு கேபிளும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டுமா? அப்படியானால் எல்ஏசிபி (பல கேபிள்களை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் முறை), ஆனால் இரு முனையிலும் அமைக்க வேண்டும். அப்புறம், ஸ்விட்ச்சின் நிலையைக் கண்காணிக்க உதவும் எஸ்என்எம்பி-யை இயக்கி வையுங்கள். ஒரு கேபிள் எப்போதோ செத்துப்போனது தெரியாமலே மாற்றுப் பாதையில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. கூடவே பெட்டியோடு வந்த கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.