கொடுக்கும் கை: கடலூர், புதுச்சேரிப் பெற்றோரின் கேள்விகளுக்கு முன்னாள் பாலர் பள்ளி ஆசிரியையின் பதில்கள்

அக்கா, என் மகனுக்கு நான்கு வயது. பொம்மையை யாரிடமும் தரமாட்டான். இவனைச் சேவைக்கு அழைத்துப் போய்ப் பயன் உண்டா? (நெல்லிக்குப்பம்)

தாராளமாக அழைத்துப் போங்கள். அந்த வயதில் 'என்னுடையது' என்று பிடித்துக்கொள்வது இயல்பு. பிடுங்கி மட்டும் கொடுக்காதீர்கள். பிடுங்கினால் கொடுத்தது நீங்கள், பறிகொடுத்தது அவன். கனடாவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வயது நிறையாத குழந்தைகள் தின்பண்டம் வாங்கியபோதைவிடக் கொடுத்தபோது அதிகம் மகிழ்ந்தார்கள். தன் பங்கிலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது முகம் இன்னும் மலர்ந்தது. எதைக் கொடுப்பது என்பதை அவனே முடிவு செய்யட்டும்.

ஐந்து வயது மகளை வடலூர் தருமசாலைக்கு அழைத்துப் போகலாமா? (திருப்பாதிரிப்புலியூர்)

அவசியம் போங்கள். பசித்தவர்களுக்குச் சோறு போட 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிய சாலை அது. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ஆனால் வேலையை வீட்டிலேயே தொடங்குங்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த பிடியரிசிப் பழக்கம் நினைவிருக்கிறதா? தினமும் உலை வைக்கும் நேரத்தில் அவள் தன் கையால் ஒரு பிடி அள்ளித் தனி டப்பாவில் போடட்டும். அந்தச் சின்னக் கையிலிருந்து பாதி தரையில் சிந்தும். திட்டாமல், கூட உட்கார்ந்து பொறுக்குங்கள். டப்பா நிறைந்ததும் பையில் கட்டி, பஸ்ஸில் அவள் மடியிலேயே வைத்துக்கொண்டு வரட்டும்.

அரிசியைக் கொடுத்த பிறகு நீங்களும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். கொடுப்பவர் உயர்ந்தவர், வாங்குபவர் தாழ்ந்தவர் என்ற எண்ணம் பிள்ளை மனதில் விழாமல் காக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தைப்பூசத்தில் கூட்டம் நெரியும்; வேறு நாள் பாருங்கள்.

உதவி செய்தால் சாக்லேட் தருகிறோம். சரியா? (லாஸ்பேட்டை)

நிறுத்திவிடுங்கள். உளவியலாளர்கள் வார்னெகன், டொமசெல்லோ இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், உதவிக்குப் பரிசு பெற்ற இருபது மாதக் குழந்தைகள் பிறகு உதவுவது குறைந்தது. வாயாரப் பாராட்டியதால் அந்தக் குறை வரவில்லை.

பிறந்தநாளில் முதியோர் இல்லத்தில் மகன் பரிமாறுவதைப் படமெடுக்கலாமா? (கடலூர் முதுநகர்)

வேண்டாம் அம்மா. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று நம் கரையில் எத்தனை பேர் சோற்றுப் பொட்டலத்துக்குக் கை நீட்டி நின்றோம்! அந்த நேரத்தில் முகத்துக்கு நேரே கேமரா வந்தால் எப்படி இருக்கும் என்பது நமக்கா தெரியாது? பரிமாறி முடித்ததும் அவன் ஒரு தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்கட்டும்.

இருவருக்கும் வேலை. ஞாயிறு மட்டுமே ஓய்வு. (முத்தியால்பேட்டை)

மாதம் ஒரு ஞாயிறு போதும். ஆனால் இடத்தை மாற்றாதீர்கள். அங்கிருப்பவர்களின் பெயர் குழந்தைக்குத் தெரிய வேண்டும், அவர்களும் இவளைத் தேட வேண்டும். முதல் முறை அரை மணி நேரத்தில், பிள்ளை சோர்ந்து சிணுங்கும் முன்பே கிளம்பிவிடுங்கள்.