டிசம்பரில் வரும் 10 பவுண்டு

கேள்வி: அம்மாவின் வங்கிக் கணக்கில் ஒவ்வொரு டிசம்பரிலும் 10 பவுண்டு தனியாக வருகிறது, கிறிஸ்துமஸ் போனஸாம். அயர்லாந்தில் இருக்கும் சித்திக்கோ ஒரு வாரப் பென்ஷன் முழுசாகக் கூடுதலாக வருகிறது. பக்கத்துப் பக்கத்து நாடுகளில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?
- வாசகி, லண்டன்

பதில்: வங்கி ஸ்டேட்மென்ட்டில் 'டி.டபிள்யூ.பி. எக்ஸ்.பி.' (DWP XB, டி.டபிள்யூ.பி. என்பது பிரிட்டனின் வேலை மற்றும் ஓய்வூதியத் துறை) என்று ஒரு வரி இருக்குமே, அதுதான். பிரிட்டனில் 1972-இல் இதை ஆரம்பித்தபோது தனி ஆளின் அரசுப் பென்ஷனே வாரத்துக்கு 6 பவுண்டு 75 பென்ஸ்தான், ஆக 10 பவுண்டு என்பது ஒரு வாரப் பென்ஷனைவிட அதிகம், பண்டிகைச் செலவுக்கு உண்மையிலேயே கை கொடுத்த பணம். 1975-லும் 1976-லும் தரவில்லை. 1979-இல் சட்டம் போட்டு நிரந்தரமாக்கினார்கள், ஆனால் தொகையை விலைவாசியோடு இணைக்கவில்லை. அங்கேதான் கோளாறு. பென்ஷன் வருஷா வருஷம் ஏறி இப்போது வாரத்துக்கு 200 பவுண்டைத் தாண்டிவிட்டது, இது மட்டும் அதே 10. நடுவில் 2009 தொடக்கத்தில், பொருளாதார நெருக்கடியின்போது, ஒரே ஒரு தடவை 60 பவுண்டு சேர்த்துக் கொடுத்தார்கள், அத்தோடு சரி.

அயர்லாந்தில் கதை நேர்மாறு. 1980-இல் தொடங்கிய அந்த போனஸ் வாரத் தொகையில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடப்படுவதால் பென்ஷன் ஏறினால் கூடவே அதுவும் ஏறும். ஆனால் சட்டப்படி உரிமை கிடையாது, ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அரசு மனசு வைக்க வேண்டும். 2009-இல் நெருக்கடி வந்ததும் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். 2014-இல் 25 சதவீதம், அடுத்த வருஷம் 75, அப்புறம் 85 என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்து 2018-இல்தான் முழுசானது. அந்த வருஷங்களில் கிறிஸ்துமஸுக்குப் பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்க நினைத்த பெரியவர்கள் பட்ஜெட் நாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனக்கு இது நியாயமாகவே படவில்லை. சட்டமும் வேண்டும், சதவீதமும் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் ஏழைக்குத்தான் நஷ்டம்.

ஒரு விஷயம், பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவி) மட்டும் வாங்குபவர்களுக்கு அந்த 10 பவுண்டுகூடக் கிடையாது. அரசுப் பென்ஷன், பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கான உதவி), பராமரிப்பாளர் உதவித்தொகை போன்றவற்றில் ஒன்றாவது டிசம்பரின் குறிப்பிட்ட வாரத்தில் இருக்க வேண்டும். விண்ணப்பம் எதுவும் தேவையில்லை, தானாக வரும். அதனால் 'போனஸ் வாங்க இங்கே விவரம் கொடுங்கள்' என்று அம்மாவின் போனுக்கு மெசேஜ் வந்தால் உடனே அழித்துவிடச் சொல்லுங்கள், அது மோசடி. ஜனவரி 1 வரை பணம் வராவிட்டால் அவருடைய பென்ஷனைக் கவனிக்கும் அலுவலகத்திலேயே கேளுங்கள்.