ஸ்ட்ரட்டைக் கழற்றலாம், சென்டர் நட்டைத் தொடாதீர்கள்

கேள்வி: எங்கள் மாருதி சூப்பர் கேரி 2017 மாடல், டீசல். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குக் காபி, மிளகு மூட்டை இறக்குகிறோம். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் குத்துகிறது. இடது ஸ்ட்ரட்டில் (ஸ்ப்ரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர்) எண்ணெய் கசிகிறது. அதை மட்டும் வீட்டிலேயே மாற்றலாமா? (நாகலூர் வாசகர்)

கழற்றி மாட்டுவதை வீட்டில் செய்யலாம். ஸ்ப்ரிங்கைப் பிரிப்பதை மட்டும் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

முதலில் அது கசிவுதானா என்று பாருங்கள். ராடு (ஸ்ட்ரட்டின் நடுக்கம்பி) குழாய்க்குள்ளே போகிற இடத்தில் எண்ணெயை அடைக்கும் சீல் வளையத்தைச் சுற்றி லேசான ஈரம், அதில் கொஞ்சம் புழுதி என்றால் பயமில்லை. எண்ணெய் குழாய் நெடுக வழிந்து நக்கிள் (சக்கரத்தைத் தாங்கி ஸ்ட்ரட்டின் அடியில் இணையும் பாகம்) வரை இறங்கியிருந்தால் ஸ்ட்ரட் போய்விட்டது. வண்டியின் அந்த மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் ஒருமுறை எழும்பி நின்றுவிட வேண்டும். தூளி மாதிரி ஆடினால் மாற்றத்தான் வேண்டும்.

இடது மட்டும் போதாது. ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழசு என்றால் வளைவில் பிரேக் பிடிக்கும்போது வண்டி கோணலாக அமுங்கும். ஸ்ட்ரட், மேல் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் தலையை வண்டியோடு பிடிப்பது), மவுண்ட் பேரிங், பம்ப் ஸ்டாப்பர், தூசி உறை, சென்டர் நட்டு எல்லாவற்றிலும் இரண்டிரண்டு வாங்குங்கள். ஸ்ட்ரட்டுக்குச் செலவழித்துவிட்டு மவுண்டில் மிச்சம் பிடிப்பவர்கள்தான் மறுபடியும் கழற்றுகிறார்கள். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது ஸ்ட்ரட்டோடு சேர்ந்து திரும்புவது அந்தப் பேரிங்தான். அது இறுகிப்போனால் ஸ்ப்ரிங் முறுக்கிக்கொண்டு 'டங்' என்று விடுபடும். பழி புது ஸ்ட்ரட் மேல் விழும்.

சேஸிஸ் எண்ணைக் காட்டி வாங்குங்கள். பிரேக் ஹோஸ் மாட்டும் பிராக்கெட் இடதுக்கும் வலதுக்கும் எதிரெதிராக இருக்கும். இரண்டு பெட்டியையும் கடையிலேயே பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

வேலைக்குச் சமதரை வேண்டும். வாசல் சரிவாக இருந்தால் அங்கே தொடங்கவே வேண்டாம். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். ஜாக்கியில் தூக்கியதும் சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது. நக்கிளில் இருக்கும் இரண்டு போல்ட்டும் மலை ஈரத்தில் துருப்பிடித்துக் கிடக்கும். முந்தின இரவே துருநீக்கி அடித்து வையுங்கள். கழற்றுமுன் அவை நிற்கும் இடத்தைப் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிரேக் ஹோஸைப் பிராக்கெட்டிலிருந்து மட்டும் விடுவித்து, நக்கிளைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பாரம் ஹோஸில் இறங்கக் கூடாது. பின்சக்கரம் தள்ளுகிற வண்டி என்பதால் முன்னால் டிரைவ் ஷாஃப்ட் இல்லை, அந்தத் தொல்லை மிச்சம். கடைசியாக, ஸ்ட்ரட்டைக் கையால் தாங்கிக்கொண்டு மவுண்டைச் சுற்றியுள்ள மேல் நட்டுகளை எடுங்கள்.

நடுவில் இருப்பது சென்டர் நட்டு. அமுக்கிவைத்த ஸ்ப்ரிங்கை அடக்கி வைத்திருப்பது அதுதான். தப்பித் தவறிக் கழன்றால் மவுண்ட் நேராக முகத்துக்கு வரும். இரண்டு ஸ்ட்ரட்டையும் கோணியில் சுற்றி, புதுச் சாமான்களோடு பஸ் ஏற்றி, ஸ்ப்ரிங் கம்பிரசர் உள்ள சேலம் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அங்கே பக்கத்திலேயே நில்லுங்கள். பளபளப்பான ராடைக் குறடால் பிடித்து நட்டு முடுக்கினால் உடனே தடுங்கள். அதில் விழும் கீறல் ஒவ்வொரு குலுக்கலிலும் சீலைக் கிழித்து, புது ஸ்ட்ரட்டைக் கசிய வைக்கும். ஸ்ப்ரிங்கின் முனை தட்டில் உள்ள படியில் முட்டி உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

திரும்ப மாட்டும்போது எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றி, பிறகு சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க்குக்கு (முடுக்கும் விசையின் அளவு) முடுக்குங்கள். பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம். விட்டால் டயர் ஒரு ஓரமாகத் தேயும். 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை இன்னொரு முறை பாருங்கள்.

கேள்வி: ரீகண்டிஷன் ஸ்ட்ரட் பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா? புதிதுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் ஜி.எஸ்.டி. கேட்கிறார்கள். (அம்மாபேட்டை வாசகர்)

ரீகண்டிஷன் வேண்டாம். எண்ணெயும் சீலும் மாற்றுவார்கள். தேய்ந்த ராடும் வால்வும் பழையபடியே இருக்கும். மலை இறக்கத்தில் ஓடும் வண்டிக்கு அது ஆகாது.

எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. அதற்கு முன்பு அச்சான பெட்டி என்றால் அதன் எம்.ஆர்.பி. பழைய வரியில் போட்டது, குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: புது ஸ்ட்ரட் மாட்டி மூன்று மாதத்தில் கசிகிறது. "லோடு வண்டிக்கு நுகர்வோர் சட்டம் கிடையாது" என்கிறார் கடைக்காரர். (அஸ்தம்பட்டி வாசகர்)

அவர் சொல்வது பாதிதான். பிழைப்புக்காகச் சுயதொழிலில் பயன்படுத்த வாங்கிய பொருள் என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் நுகர்வோர்தான். பில், வாரன்டி அட்டை, கசிவின் படம் மூன்றையும் வைத்து முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் படியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ராடில் குறடு பட்ட கீறல் இருந்தால் மட்டும் வழக்கு நிற்காது. அப்போது கேட்க வேண்டியது மாட்டிய பட்டறையை.