வானம் பார்க்க பைனாகுலர் போதுமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு நட்சத்திரம் பார்க்க ஆசை. செல்போனில் பெயரைத் தொட்டால் தானே திரும்பி, தானே படம் பிடித்துக் காட்டும் ஸ்மார்ட் டெலஸ்கோப் வாங்கலாம் என்றிருக்கிறேன். நீங்களோ, ஆரம்பத்துக்கு பைனாகுலர் போதும் என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் காலத்துப் பிள்ளையிடம் பழைய சாமானைக் கொடுப்பது என்ன நியாயம்?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: பழையது என்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை. உங்கள் மகளுக்குப் பார்க்க ஆசை என்கிறீர்கள். நீங்கள் வாங்க நினைக்கும் கருவியில் கண்ணை வைத்துப் பார்க்க இடமே கிடையாது. மாடியில் அதை நிறுத்திவிட்டு அவள் மறுபடியும் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதில் வரும் படம் நன்றாகவே இருக்கும். சில விநாடிகளுக்கு ஒன்றாக எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தில் நம் கண்ணுக்குத் தென்படாத சிவப்பைக்கூடக் கொண்டுவந்துவிடும். நகரத்து வெளிச்சத்தில் இருப்பவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் அது பெரிய உதவி. வானத்தில் எது எங்கே என்று இன்னும் தெரியாத பிள்ளைக்கு முதல் கருவியாக அது வேண்டாம் என்பதுதான் என் பேச்சு.

இங்கிலாந்தில் ஜார்ஜ் ஆல்காக் என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். பைனாகுலரில் தெரியும் நட்சத்திரங்களில் ஏறக்குறைய 30,000 நட்சத்திரங்களின் இடத்தை மனப்பாடமாக வைத்திருந்தார். புதிதாக ஒரு புள்ளி முளைத்தால் உடனே உறுத்த வேண்டும் என்பதற்காக. 1959 ஆகஸ்டில் ஐந்தே நாள் இடைவெளியில் இரண்டு வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார். 1983-ல் வீட்டுக்குள் இருந்தபடி, சாத்திய ஜன்னல் வழியாகப் பார்த்தே இன்னொன்று. அதை ஐராஸ் செயற்கைக்கோளும் ஜப்பானில் ஒருவரும் கண்டிருந்ததால், ஐராஸ்–அராகி–ஆல்காக் என்று மூவர் பெயரும் சேர்ந்தது.

அது அந்தக் காலம், இன்று பெரும்பாலும் தானியங்கித் தொலைநோக்கிகள்தானே வால்நட்சத்திரத்தைப் பிடிக்கின்றன என்பீர்கள். சரிதான். உங்கள் மகள் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மனிதருக்கு வானம் சொந்தத் தெருவைப் போல இருந்ததே, அது அவளுக்கும் கிடைக்க வேண்டாமா? தானே தேடாமல் அது வராது.

ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தை நான் பைனாகுலரில் மூன்று இரவு தேடினேன். சித்திரை நட்சத்திரம் உச்சிக்கு வரும் நேரத்தில் அதிலிருந்து நேர் தெற்கே இறங்கிக்கொண்டே வர வேண்டும். இரண்டு முறை வழி தவறி வேறெங்கோ போய்விட்டேன். மூன்றாம் இரவு, தெற்கு வானில் பாதிக்கும் கீழே, பஞ்சைக் கிள்ளி ஒட்டியதுபோல ஒரு வெளிறிய உருண்டை. அத்தனையும் நட்சத்திரம், ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு தூரம். அன்றிலிருந்து ஏப்ரல், மே மாதங்களில் மாடிக்குப் போனால் கண் தானாக அந்த இடத்துக்குப் போய்விடுகிறது. ஆல்காக்கின் ஊரில் அது தொடுவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. நமக்கு வாய்த்திருக்கிறது, உங்களுக்குக் கொல்லிமலையின் இருட்டு வேறு பக்கத்தில் இருக்கிறது.

எனவே 10×50 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். 10 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 50 மில்லிமீட்டர். கை நடுங்கும், அதனால் மாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வியாழனைப் பார்த்தால் அதன் பக்கத்தில் ஒரே கோட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். 1610-ல் கலிலியோ கண்ட நான்கு நிலாக்கள் அவை. ஒன்றிரண்டு மறைந்தும் இருக்கலாம். ஒரு நோட்டில் வட்டம் போட்டுப் புள்ளி வைக்கட்டும். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். அந்த நான்கில் வியாழனுக்கு மிக அருகில் இருக்கும் அயோ ஒரு சுற்றை 42½ மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. நிலா நகர்கிறது என்று பாடத்தில் படிப்பதும், நேற்று தன் கையால் வைத்த புள்ளி இன்று பொருந்தவில்லை என்று காண்பதும் ஒன்றல்ல.

செல்போன் கீழே வீட்டிலேயே இருக்கட்டும். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும், ஒரு முறை திரையைப் பார்த்தால் அத்தனையும் வீண். நோட்டில் எழுத, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளலாம். அப்புறம், பைனாகுலரைச் சூரியன் பக்கம் மட்டும் எந்தக் காரணத்துக்கும் திருப்பக் கூடாது, கண் போய்விடும்.

ஒரு வருஷம் போகட்டும். அடுத்து என்ன கருவி வேண்டும், எதற்காக வேண்டும் என்று அவளே சொல்வாள். அப்போது அவள் கேட்பதை வாங்கிக் கொடுங்கள், அது ஸ்மார்ட் டெலஸ்கோப்பாகவே இருந்தாலும்.